கலந்த எண்ணெயில் யார் பங்கு எவ்வளவு?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கொங்கு நாட்டில் எண்ணெய்க் கிணறுகள் இல்லை. கொச்சியிலிருந்து இருகூருக்குக் குழாய்வழி வந்து சேரும் எரிபொருளைத்தான் நாம் அறிவோம். ஆயினும், பால் சங்கத்தில் ஊற்றிப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வந்த சிக்கல் எளிதில் விளங்கும். அங்கே ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பையும் குறித்துக்கொண்ட பிறகே பொதுக் கேனில் சேர்க்கிறார்கள். எண்ணெய் வயலிலோ, கிணறுதோறும் தனித் தொட்டியும் மீட்டரும் வைப்பது கட்டுப்படியாகாதென்று, பல கிணறுகளின் விளைச்சலை முதலில் கலந்துவிட்டு, விற்கும் இடத்தில் மொத்தமாக அளக்கும் வழக்கம் உண்டு.

கலப்பதை நான் குறை சொல்லவில்லை. தொட்டிகள் குறைந்தால் நிலமும் குறைவாகவே போதும். கலந்ததைப் பிரித்துக் கணக்கெழுதுவதில்தான் கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு கிணற்றின் ஓட்டத்தையும் அவ்வப்போது சோதனைப் பிரிப்பானுக்குத் திருப்பி, எண்ணெய், வாயு, நீர் மூன்றையும் தனித்தனியே அளப்பார்கள். சோதனைப்படி ஒரு கிணறு நாளுக்கு 60 பீப்பாயும் மற்றொன்று 40 பீப்பாயும் தர, விற்பனை மீட்டர் 95 மட்டுமே காட்டினால், குறைந்த 5 பீப்பாயை விகிதப்படி கழித்து 57, 38 என்று பதிவார்கள். சோதனை பழையதாகி, அதற்குள் இரண்டாவது கிணற்றில் நீர் பெருகி எண்ணெய் குறைந்திருந்தால், முதல் கிணற்றுக்காரருக்கு உரிய எண்ணெய் அவருக்கே தெரியாமல் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். வெயிலும் கணக்கை மாற்றும்: 10,000 லிட்டர் கச்சா எண்ணெய் 10 பாகை சூடேறினால் ஏறத்தாழ 80 லிட்டர் பெருகித் தெரியும், அதனால்தான் அளவை 15 பாகை செல்சியசுக்குத் திருத்தி எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் கூட்டரசு, பழங்குடியினர், தனியார் நிலங்களின் எண்ணெய் ஒரே தொட்டிக்கு வரக்கூடும். அங்கே கூட்டரசு, பழங்குடியினர் நிலங்களின் எண்ணெயைப் பிறவற்றோடு கலப்பதற்கு அனுமதியும், பங்கு பிரிக்கும் முறையும் தேவை என்பதை 2016ஆம் ஆண்டு விதிகள் விரிவாக வகுத்தன. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன்கீழ் வகுத்த விதிகளும் இத்தொழிலை ஆள்கின்றன. காவிரிப் படுகையில் நிலத்திலுள்ள கிணறுகளின் உரிமத்தொகை (ராயல்டி) தமிழக அரசுக்குச் சேருவதால், அங்கே அளவு பிசகினால் இழப்பு கொங்கு மக்களுக்கும்தான்.

சோதனை நாள், வெப்பநிலை, நீரின் விகிதம், வால்வுகளை யாரும் மறைவாகத் திறக்காதபடி இடும் முத்திரைகளின் எண் ஆகியவற்றைப் பங்குள்ள எவர் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பதையும், காட்ட மறுக்கும் நிறுவனத்தின் கலப்பு அனுமதியை உடனே நிறுத்திவைக்கலாம் என்பதையும் விதியிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். வணக்கம்.