மேட்டு லயத்துக்கு வந்த கடிதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மழையிலும் மேட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் தனித்துப்போனவர்களுக்கு முதலில் வேண்டியது பாதையா, முகவரியா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நோயாளியைக் கம்பளியில் கட்டிப் பெருந்தெரு வரை தூக்கிச் செல்லும் அவலத்தை எடுத்துச் சொன்னார். அது உண்மை, அந்தக் கம்பளியின் ஒரு முனையை நானும் பிடித்து இறங்கியிருக்கிறேன். ஆகவே பாதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முகவரி இல்லாதவருக்குப் பாதை வந்தாலும் அது அவருடைய கதவுக்கு வராது என்பதே எங்கள் அணியின் வாதம்.

எங்கள் மேட்டு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். இறந்துபோன கணவரின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதி தொடர்பாகக் குறித்த நாளில் ஆவணங்களோடு வரும்படி ஓர் அலுவலகம் அவருக்குக் கடிதம் அனுப்பியது. அந்த நாள் கழிந்து பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு, பக்கத்துக் காம்பராவில், அதாவது லயத்தின் அடுத்த அறை வீட்டில், இருக்கும் பையன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். வாசித்துக் காட்டியவள் நான். உறையில் அவருடைய பெயர், டிவிஷன், தோட்டம், தபாலகம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்தத் தோட்டத்தில் அதே பெயரில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். உறையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் "மேட்டு லயமா?" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குறியைச் சற்று நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்கு வரும் தபால் பெரும்பாலும் தோட்டத்து அலுவலகத்தில்தான் வந்து சேருகிறது. செக்ரோல் என்ற வேலையாட்கள் பதிவேட்டில் பேர் இருக்கிறவர், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகிறார், அவர் கைக்குக் கடிதம் கிடைத்துவிடும். பென்சன் எடுத்தவரும், ஊனமுற்றவரும், கணவனை இழந்து வீட்டோடு இருப்பவரும் பிரட்டுக்குப் போவதில்லை. யார் வெளியுலகத் தொடர்பு மிகவும் வேண்டியவரோ, அவருடைய கடிதம்தான் மேசையில் கிடக்கிறது. கைப்பேசி இருக்கும் காலத்தில் கடிதம் எதற்கு என்று எதிரணி நண்பர் ஒருவர் கேட்டார். எழுபது வயதில் கண் மங்கியவர் கையில் என்ன கைப்பேசி இருக்கும்? இருந்தாலும், அரசாங்கத்தின் எந்தப் படிவமும் முதலில் பெயரையும் அடுத்து முகவரியையும் அல்லவா கேட்கிறது?

பாதையின் வரலாற்றையும் பார்ப்போம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிடப்பட்டது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தது. 1924இல் பதுளை வரை நீண்டது. தேயிலை போக வேண்டும் என்பதற்காக மலையைக் குடைந்தும் வழி செய்தார்கள். வழி இல்லாமையா எங்களை ஒதுக்கியது? அந்தப் புகையிரதத்தின் இருபுறமும் லயங்களில் வாழ்ந்தவர்களை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பிரித்தார்கள். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை பெற வழி திறக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதை ஏன் கெட்டுக் கிடக்கிறது என்பதற்கும் விடை முகவரியில்தான் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர், வென்ற பிறகு அந்த லயத்துப் பாதைக்குக் கல் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. லயம் தோட்டத்தின் சொத்து, உள்ளே இருப்பவர் தோட்டத்தின் ஆள் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அவர் இந்த ஊரில் குடியிருப்பவர், இது அவருடைய வீடு என்று எழுதப்பட்டிருந்தால் பாதைக்கு இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்குமா? 7 பேர்ச் என்ற சிறு அளவுக் காணியில் தனி வீடு கிடைத்தவர்களிலும் உறுதிப்பத்திரம் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்களே!

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்று அந்த நாட்களில் வெளியான எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எந்தக் கதவுக்குள் யார் இருந்தார் என்பதற்கு உடனே எடுத்துப் பார்க்க ஓர் ஏடு இருந்திருந்தால் உறவினர்கள் அத்தனை தவித்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

லயத்தில் ஒருவரை ஒருவர் அறிவோம், யாரும் அங்கே தனியாள் இல்லை என்றும் எதிரணியில் சொல்லப்பட்டது. அடுத்த காம்பராவிலிருந்து ரொட்டியும் சம்பலும் வருவது உண்மைதான், அந்த அன்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அடுத்த காம்பராக்காரரால் கொடுப்பனவுப் பட்டியலில் பெயரைச் சேர்க்க முடியாது, அடையாள அட்டையில் தவறிப்போன ஓர் எழுத்தைத் திருத்தவும் முடியாது.

ஒவ்வொரு காம்பராக் கதவுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு நேராகக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர், அந்த எண்ணோடு குடியிருப்போர் பெயரை எழுதி வைத்திருக்கும் கிராம உத்தியோகத்தர், காலப்போக்கில் அதே எண்ணில் ஒரு காணி உறுதி. நாங்கள் கேட்பது இவைதாம்.

நடுவர் அவர்களே, எங்கே இருக்கிறீர்கள் என்று அந்தப் பாட்டியிடம் கேட்டால், "தண்ணீர்ப் பீலிப் பக்கமிருந்து நாலாவது காம்பரா" என்று தடுமாறாமல் சொல்கிறார். அதை எழுதிக்கொள்ளப் படிவத்தில் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு, முகவரியின் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன். நன்றி.