குதிரை இல்லாத குதிரைவீரன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஓவியம்தான். ஸ்கிரீனில் தெரிகிறது பாருங்கள். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ் வரைந்த ‘காட்டில் ஷாசர்’, 1814. ஷாசர் என்பவன் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையின் குதிரைவீரன். சரி, குதிரை எங்கே? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தலையில் ஹெல்மெட், நீளமான அங்கி, இடுப்பில் வாள் என்று எல்லாம் இருக்கிறது. குதிரையை மட்டும் காணோம். பனி மூடிய பாதையில் தனியாக நிற்கிறான், முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு.

இப்போது கொஞ்சம் ஜூம் செய்கிறேன். முன்னால் வெட்டிய அடிமரம் தெரிகிறதா? அதன்மேல் ஒரு அண்டங்காக்கை. அந்த வருஷமே பெர்லினில் இந்த ஓவியம் காட்சிக்கு வந்தபோது, இந்தக் காக்கை அவனுக்குச் சாவுப் பாட்டு பாடுகிறது என்று அங்கே ஒரு பத்திரிகை எழுதியது. பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 1812-ல் சுமார் 6 லட்சம் பேரோடு ரஷ்யாவுக்குப் போன நெப்போலியன் படை பனியில் சிதைந்தது, 1813 அக்டோபரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மறுபடியும் தோற்றது, எல்லாம் நேற்று நடந்த மாதிரி.

ஃபிரீட்ரிஷுக்கு பிரெஞ்சுக்காரர்கள்மேல் கடுங்கோபம். அவர் வாழ்ந்த டிரெஸ்டன் நகரம் 1813-ல் போரில் மாட்டிக்கொண்டபோது, எல்பே ஆற்றங்கரை மலைப்பக்கம் போய்த் தங்கினார். அங்கே வரைந்த ஒரு ஸ்கெட்ச்சிலேயே, புதிய போருக்கு ஆயத்தமாகுங்கள் என்று ஜெர்மானியருக்கு எழுதி வைத்தார். நண்பரான ஓவியர் கெர்ஸ்டிங் நெப்போலியனை எதிர்த்த தொண்டர் படையில் சேர்ந்தபோது, தளவாடம் வாங்கப் பணமும் கொடுத்தார்.

இவ்வளவு ஆத்திரம் இருந்தும், ஓவியத்தில் ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட இல்லை. ரத்தம் இல்லை, பீரங்கி இல்லை. எல்லாவற்றையும் மரங்களிடம் விட்டுவிட்டார். உயரவாக்கில் வைத்த கேன்வாஸ், சுமார் 66 செ.மீ.க்கு 47 செ.மீ. ஊசியிலை மரங்கள் சுவர் மாதிரி எழுந்து நிற்க, அவற்றுக்குக் கீழே ஆள் சுண்டைக்காய் அளவுக்கு ஆகிவிடுகிறான். பாதை அவனுக்கு முன்னாலேயே இருட்டுக்குள் மறைகிறது.

இவருடைய மூடுபனிக் கடல் ஓவியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாறை உச்சியில் ஒருவர் முதுகு காட்டி நிற்பாரே, அதுதான். இது அதற்குச் சில வருஷம் முந்தியது. அங்கே உலகமே அவர் காலடியில் கிடக்கும். இங்கே அதே முதுகு, ஆனால் காடு தலைக்கு மேல்.

எதிரியைப் பழிக்கும் தேசபக்தி ஓவியம் என்று இதைச் சொல்வார்கள். வரைந்தவர் எண்ணம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் முகம் தெரியாததால் அவனை வெறுக்க எனக்கு வரவில்லை. அவன் பார்க்கும் இருட்டைத்தானே நாமும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்! இரக்கம்தான் வருகிறது. உங்களுக்கு எப்படி என்று கமெண்டில் சொல்லுங்கள்.

அப்புறம், இது தனியார் ஒருவர் சேகரிப்பில் இருக்கிறது. ஃபிரீட்ரிஷின் மரங்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெர்லினில் ஆல்ட்டே நேஷனல்கேலரி என்ற அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இலையுதிர்ந்த ஓக் மரங்களுக்கு நடுவே இடிந்த மடாலயம் நிற்கும் ஓவியம் அங்கே இருக்கிறது. அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.