பெருவிரலில் தைத்த நகம்

நேயர்களுக்கு வணக்கம். கால் பெருவிரல் நகம் ஓரச் சதைக்குள் இறங்கிப் பழுத்துவிட்டால் என்ன பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். ராத்திரி போர்வை நுனி உரசினால்கூட உயிர் போகும்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சீழ் கிருமியால் வந்ததுதான். ஆனால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டது நகம். காலில் தைத்த முள்ளை எடுக்காமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் புண் ஆறுமா? அதே கதைதான் இதுவும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன், குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது என்று பலர் சொல்வது இதனால்தான்.

சரி, அந்த முள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம் நகவெட்டியிலிருந்துதான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வைத்தியம் இங்கேதான் இருக்கிறது. நகத்தின் மூலையை வளைத்து, உள்ளே தோண்டி வெட்டுகிறோம். நகவெட்டியின் வாய் கடைசி ஓரம் வரை எட்டாது. மிச்சமிருக்கும் நூலளவு நகத்தை விரலால் பிடித்துப் பிய்க்கிறோம். மேலே பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும். சதை மடிப்புக்கு அடியிலோ, கூரான ஒரு சிலும்பு நின்றுவிடும். கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் வெட்டிய அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துச் சிலும்பு நகர்ந்து சதையைக் குத்தும்போது, வெட்டியதே மறந்துபோயிருக்கும். வலிக்கிறதே என்று மறுபடி தோண்டுவோம். இரண்டு நாள் சுகம். ஆனால் இப்போது முன்னைவிட ஆழத்தில் இன்னொரு சிலும்பு!

நகத்தின் நடுவில் ஆங்கில ‘வி’ போல வெட்டினால் ஓரம் உள்ளிழுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நகம் வளர்வது வேரிலிருந்து, முன்னோக்கி. நுனியில் என்ன வெட்டினாலும் வேருக்குத் தெரியப்போவதில்லை.

நேராக வெட்டுங்கள். குளித்த பிறகு, நகம் ஊறியிருக்கும்போது, சின்னச் சின்னதாக. இரண்டு மூலையும் சதைக்கு மேலே, கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது வீட்டு வைத்தியம். இது ஆரம்ப நிலைக்கு மட்டும்: ஓரம் சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கும், சீழ் இல்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் 15, 20 நிமிடம் பாதம் ஊறட்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை. பிறகு விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றி எடுங்கள். ஈரத்தில் சதை ஊதிக்கொண்டே இருந்தால் நகம் இன்னும் ஆழமாகப் பதியும். நகம் இளகியிருக்கும் அந்த நேரத்தில், ஓரச் சதையை மெல்ல விலக்கி, நூலாகத் திரித்த பஞ்சை மூலைக்கு அடியில் செருகுங்கள். நகம் சதைக்கு மேலே ஏறி வளர அது இடம் கொடுக்கும். தினமும் பஞ்சை மாற்ற வேண்டும், மறந்து விட்டுவைத்தால் அதுவே புண்ணாக்கும். உள்ளே போகவில்லையா, விட்டுவிடுங்கள், குத்தித் திணிக்க வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், நான் இப்போது சொன்ன எதையும் செய்யாதீர்கள். மரத்துப்போன காலுக்கு வெந்நீர் சுட்டதுகூடத் தெரியாது. நேராக மருத்துவரிடம் போங்கள். மற்றவர்களும் நாலைந்து நாளில் குறையாவிட்டாலோ, சீழ் வந்தாலோ காட்டிவிடுங்கள். சிவப்பு பாதத்தை நோக்கிப் பரவினால், காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே.

நகத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சதை முளைத்து, துணி பட்டாலே ரத்தம் கசிகிறதா? அது வெந்நீருக்கு அடங்குகிற கட்டம் இல்லை. சின்ன அறுவை தேவைப்படலாம். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். உண்மையில் வலிப்பது அந்த ஊசிதான். பிறகு குத்துகிற பக்கத்தில் மட்டும், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு, நுனியிலிருந்து வேர் வரை ஒரு கீற்று எடுப்பார்கள். அந்தக் கீற்று மறுபடி முளைக்காமல் இருக்க வேரில் ஃபீனால் என்கிற, வேரைக் கருக்கும் ரசாயனத்தைத் தடவுவார்கள். வேரைத் தொடாமல் முழு நகத்தையும் பிடுங்கிவிட்டால் புது நகம் வந்து பழையபடி குத்த வாய்ப்பு அதிகம். ஆகவே, “வேருக்கு என்ன செய்யப்போகிறீர்கள், டாக்டர்?” என்று தாராளமாகக் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவைக்குப் பிறகு ஓரிரு நாள் காலை உயர்த்தி வையுங்கள். ஃபீனால் வைத்த இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசியும், பயப்பட வேண்டாம். கெட்டியான சீழும், நாளுக்கு நாள் ஏறுகிற வலியும் இருந்தால் திரும்பக் காட்டுங்கள். காலணி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஷூவைச் சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும். புண் ஆறும்வரை முன்பக்கம் திறந்த செருப்புதான். வணக்கம்.