ஏட்டுச் சுரைக்காய்க்குத் தண்ணீர் ஊற்றியவர்

(எங்கள் படிப்பகத்தின் பொங்கல் விழாவில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றார்கள். மேடையில் விட்டுப்போன இரண்டொன்றைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவே வந்து மேடையை நிறைத்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, படிப்பகத்தை இத்தனை வருஷம் பூட்டாமல் காப்பாற்றிவரும் செயலாளர் தம்பி அவர்களே, தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், காட்டுக்குப்பம் என்று நம் எண்ணூர்க் கழியின் இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கும் ஊர் நிர்வாகிகளே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டு, ஆறு மாதம் அவர் டீக்கடையில் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆகையால் இன்னொரு தடவை எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்திய மாமன்ற உறுப்பினருக்கு நன்றி. இது வீணாகாது. நாளைக் காலையில் பனியில் கழிக்கரைக்குப் போகும்போது தலையில் சுற்றிக்கொள்வேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நம் தீவில் மழையும் பறவையும் குறித்துவைப்பது எப்படி’. தீவு என்றதும் முன்வரிசைப் பிள்ளைகள் அந்தமானை நினைப்பார்கள். காட்டுப்பள்ளி தீவுதான் கண்ணுகளா. கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும். தெற்கே நம் எண்ணூர் முகத்துவாரம். வடக்கே போனால் பழவேற்காட்டு முகத்துவாரம். நாலு பக்கமும் தண்ணீர். பாலம் வழியாக லாரி போவதால் நமக்கு அது மறந்துபோச்சு. மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, காற்றும் மழையும். இரண்டு, வந்துபோகும் உயிர்கள். மூன்று, செல்போனில் இதையெல்லாம் எப்படிப் பதிவது.

அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம். நான் பக்கத்து ஆலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்த்தவன். முப்பது வருஷம் மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து லாக் புக்கில் எழுதியவன். ஒரு நாள் இரவு ஷிப்டில் தோன்றியது: கம்பெனி பாய்லருக்கு மணிக்கணக்கில் குறிப்பு இருக்கிறது, பிறந்த ஊருக்கு ஒரு வரி இல்லையே! அடுத்த நாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாடா?” என்றார். அவர் கட்டுமரத்தில் போனவர். விடிகாலையில் வாசலில் நின்று முகத்தில் காற்று வாங்கியே, இன்றைக்கு வாடையா கொண்டலா, கடலில் வன்னி ஓடுகிறதா தெண்டி ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். வன்னி என்றால் வடக்கிலிருந்து தெற்கே போகும் நீரோட்டம், தெண்டி அதற்கு எதிர். இப்போது பிள்ளைகளுக்கு இதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா போனபோது அவருக்குத் தெரிந்ததும் கூடவே போனது. என் நோட்டு இருக்கிறது. இப்போது பதினேழு நோட்டு ஆகிவிட்டது.

சரி, மழைக்கு வருகிறேன். சென்னையில் வானிலையை எழுதுவது புதுப் பழக்கம் இல்லை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டினார்கள். 1796 முதல் தினசரிக் குறிப்பு இருக்கிறது. ஆனால் நுங்கம்பாக்கத்து மழை நம் மழை இல்லையே. அங்கே சொட்டும்போது இங்கே கொட்டும், இங்கே காயும்போது அங்கே கொட்டும். நமக்கு நாமே அளக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் நெளிவு இல்லாத, நேராக இறங்கும் பிளாஸ்டிக் பாட்டிலாகப் பாருங்கள். கழுத்தை வெட்டித் தலைகீழாக அதிலேயே செருகினால் புனல் ஆச்சு. அடிப்பக்கம் வளைவாக இருக்கும், அங்கே கூழாங்கல் போட்டு, வளைவு முடியும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டிவிட வேண்டியதுதான். தகர டப்பா வேண்டாம். நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு சீசன்கூடத் தாங்காது. மரமோ சுவரோ மறைக்காத இடமாக இருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்குப் பார்க்க வேண்டும், அரசு வானிலை நிலையங்களிலும் அதே நேரம்தான். 2.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் அவர்கள் கணக்கில் அது மழைநாள். ஒரு மில்லிமீட்டர் என்பது என்னமோ துளி என்று நினைக்காதீர்கள், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

இந்த பாட்டிலை மொட்டை மாடியில் வைத்த முதல் வருஷம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

சித்திரை மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. காலை எட்டரைக்கு மேலே போய்ப் பார்க்கிறேன், நாலு மில்லிமீட்டர்! அடுத்த நாள் மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பனி என்று முதலில் எழுதினேன். அப்புறம், கடலோரத்தில் ராத்திரி ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஒரு தூறல் விழுகிறது என்று முடிவுகட்டினேன். சும்மா இருந்தேனா? டீக்கடையில் சொன்னேன். ஷிப்டில் சொன்னேன். எங்கள் செக்‌ஷன் இன்ஜினியர்கூட, “ஆச்சரியமா இருக்கே, பேப்பருக்கு எழுதிப் போடுங்க” என்றார். எழுதவும் ஆரம்பித்தேன். ‘எண்ணூரின் கள்ள மழை’ என்று தலைப்புவரைக்கும் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் ராத்திரி ஷிப்டு முடிந்து ஏழு மணிக்கே வீடு வந்துவிட்டேன். மாடிப்படியில் எங்கள் ஆயா ஏறிக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் பழைய சோறு, இன்னொரு கையில் சொம்பு. பின்னாலேயே போனேன். காக்காய்க்குச் சோறு வைத்தாள். சொம்பிலிருந்து ஒரு மடக்கு நேராக என் பாட்டிலில் ஊற்றினாள்! “ஆயா, என்ன பண்றே?” என்று கத்திவிட்டேன். அவள் பதறவே இல்லை. “வெயில்ல காக்கா தாகமா வருதுடா. நீதானே அதுக்கு பாட்டில் வெச்சிருக்கே?” என்றாள். “இது மழை அளக்கிறது ஆயா! தினமும் நோட்டுல எழுதறேனே, அதுக்கு!” கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “உங்கப்பன் ஏட்டுச் சுரைக்காய் ஏட்டுச் சுரைக்காய்ன்னு சொல்வானே, அதுதானா இது? அப்ப சரி. செடின்னா தண்ணி ஊத்தத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டு மீதி சொம்பையும் அதிலேயே கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அன்றைக்கு மீன்குழம்பு, சோறு மிஞ்சாது. சோறு இல்லாவிட்டால் ஆயா மாடி ஏறமாட்டாள்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஆயா மழை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பிள்ளைகள் கவனியுங்கள், தப்பாக எழுதியதை அடிக்கலாம், கிழிக்கக்கூடாது.

காற்றைப் பற்றி ஒன்றே ஒன்று. கோடையில் காலையில் மேற்கேயிருந்து மேல்காற்று அடிக்கும், மதியம் கடல்காற்று திரும்பும். தரை சூடேறிக் காற்று மேலே போக, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று வரத் தாமதமாகும், அன்றைக்குத்தான் நாற்பது டிகிரியைத் தாண்டி வேகும். இதைக் குறிக்கக் கருவியே வேண்டாம். கொடியில் காயும் லுங்கியைப் பாருங்கள். கடல் பக்கம் பறந்துகொண்டிருந்த லுங்கி ஒரு நிமிஷம் தொங்கும், அப்புறம் ஊர் பக்கம் உப்பும். மணியைப் பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, உயிர்கள். இங்கிலாந்தில் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்று ஒரு நிலக்கிழார், முதல் குயில் கூவிய நாள், தவளை கத்திய நாள், மரம் துளிர்த்த நாள் என்று 1736-இல் எழுத ஆரம்பித்தார். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை எழுதினார்கள். வசந்தம் எத்தனை நாள் முன்னால் வருகிறது என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் கணக்குப் போட அந்த ஏடுகள் உதவுகின்றன. அந்த ஊர் வேண்டாம், நமக்குக் கிட்டத்திலேயே சொல்கிறேன். ‘தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை’ என்கிறோம் அல்லவா, அந்தத் தட்டானை மாலத்தீவில் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் கவனித்தார். பவளத்தீவுகளில் தட்டான் முட்டையிட நல்ல தண்ணீரே பெரிதாகக் கிடையாது. ஆனாலும் அக்டோபர் ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது. வந்து சேர்ந்த நாளை வருஷாவருஷம் எழுதினார். இந்தியாவிலிருந்து காற்றைப் பிடித்துக் கடல் தாண்டி, தீவுகள் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போகிறது என்று 2009-இல் கட்டுரை போட்டார். தொடங்கியது ஏட்டில் ஒரு தேதி.

நம்மிடம் இல்லாததா? ஆலிவ் ரிட்லியை நாம் என்ன சொல்கிறோம்? பங்குனி ஆமை. மாதத்தைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள் நம் முன்னோர். இன்றைக்கு தை பிறந்ததுமே நம் கடற்கரையில் முட்டையிட வருகிறது. காலம் முன்னால் நகர்ந்துவிட்டதா, அல்லது அப்போதும் தையில் தொடங்கிப் பங்குனியில் அதிகமாக இருந்ததால் அந்தப் பெயரா? சொல்ல ஆள் இல்லை, எழுதி வைத்தவரும் இல்லை. வேப்பம்பூ, மணல்மேட்டில் அடம்பம்பூ, கழியில் பூநாரை வந்த நாள், போன நாள், எல்லாம் எழுதுங்கள். வந்த நாளை எல்லோரும் எழுதிவிடுவார்கள். கடைசியாகப் பார்த்த நாளை எழுதத்தான் பொறுமை வேண்டும்.

இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என் நோட்டில் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே ஒரே இடத்தில், ஒவ்வொரு அமாவாசை வத்தத்திலும், அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது, தண்ணீர் எவ்வளவு என்று எழுதியிருக்கிறேன். அளவுகோல் என் உடம்பு. முதல் நோட்டில் கழுத்து. ஐந்தாவதில் மார்பு. பதினொன்றில் இடுப்பு. இப்போது முழங்கால். வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் மூழ்கித் தரையைக் கையால் தடவி இறால் பிடிக்கும் அக்காக்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்டுப்பாருங்கள். மணல் என்று காலை வைத்தால் அனல்மின் நிலையச் சாம்பலில் முட்டிவரை புதைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றனவே, அந்த வாரம் முழுக்க நான் எழுதினேன். எந்தக் கரையில் எந்த மரத்தில் எவ்வளவு உயரத்துக்கு எண்ணெய்ப் பிசின் ஏறியது என்று முழம்போட்டு எழுதினேன். அதை ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “கையால எழுதினதெல்லாம் அத்தாட்சி ஆகாதுங்க” என்றார். ஏட்டுச் சுரைக்காய்! அப்பா சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு வந்தது.

அவர்கள் வரைபடமும் ஏடுதானே? 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இந்தக் கழி இருக்கிறது. பின்னால் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் கழியையே காணோம் என்பது 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளிவந்தது. அவர்கள் ஏட்டில் இல்லாவிட்டால் ஆறே இல்லை, நம் ஏட்டில் இருந்தால் அத்தாட்சி இல்லை, இது என்ன நியாயம்? ஒருவன் எழுதினால் பைத்தியக்காரன் நோட்டு. ஒவ்வொரு குப்பத்திலும் பத்து வீடு, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி எழுதினால்? அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாம் கத்திக்கொண்டு போக வேண்டாம், நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகலாம். முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும், கழியில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும். மாமன்ற உறுப்பினர் மேடையில் இருக்கும்போதே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் மேசை போட்டிருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறது. அவர் முதல் கையெழுத்துப் போட்டுத் தொடங்கிவைத்தால் எங்களுக்குப் பெருமை.

தலைவர் மணி அடித்துவிட்டார். மூன்றாவது விஷயத்தைச் செயலாளர் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், செல்போன் சமாச்சாரம் அவருக்குத்தான் தெரியும்.

மேசைக்குப் பக்கத்தில் சாக்கில் அறுபது பாட்டில் இருக்கிறது. வெட்டி, கல் போட்டு, ஸ்கேல் ஒட்டித் தயார். வீட்டுக்கு ஒன்று. பெரியவர்கள் இருக்கும் வீடாக இருந்தால், பக்கத்திலேயே காக்காய்க்கு ஒரு சட்டி தனியாக வையுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு நான் பாலத்தடியில் நிற்பேன், ஆழம் பார்க்க. வருகிறவர்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.