நமுத்துப் போகும் முன்னே

நேயர்களுக்கு வணக்கம்.

வியட்நாமில் இருக்கும் சைகோன் நகருக்குப் போன முதல் நாளே நான் செய்த ஒரு தப்பைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். காலை ஏழு மணிக்குத் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு பான் மி வாங்கினேன். மத்தியானத்துக்கு ஆகட்டும் என்று பைக்குள் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி! இதற்கா இத்தனை பேர் உயிரை விடுகிறார்கள் என்று ஆகிவிட்டது.

பான் மி என்றால் வியட்நாமிய மொழியில் கோதுமை ரொட்டி, அவ்வளவுதான். உள்ளே என்ன வைத்தாலும் பேர் அதுதான். மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே பஞ்சு, பாதிக்கு மேல் காற்று. அந்த ஊர்ப் புழுக்கத்தில் சில மணி நேரத்திலேயே நமுத்துவிடும்.

மறுநாள் அதே வண்டிக்குப் போய், இந்தத் தடவை கை வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மா ரொட்டியைக் கரிக் கணப்பில் சூடுகாட்டி, பக்கவாட்டில் கீறினார். ஒரு பக்கம் ஈரல் விழுது, மறுபக்கம் முட்டை மஞ்சள் கருவும் எண்ணெயும் அடித்த பசை. நடுவே பன்றி இறைச்சித் துண்டுகள். அப்புறம் நீளவாக்கில் வெள்ளரிக்காய், காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும், காம்போடு கொத்தமல்லி, பச்சை மிளகாய், மேலே நாலு சொட்டு சோயா சாஸ். ஈரலின் கொழுப்பைக் காடியின் புளிப்பு வெட்டுகிறது பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது. காகிதத்தில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். 25,000 டாங். பயந்துவிடாதீர்கள், நம் காசுக்கு எண்பது ரூபாய் சொச்சம்.

ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அப்போது அதற்கு 'மேற்கத்தி ரொட்டி' என்றுதான் பெயர். தட்டில் ரொட்டி தனி, இறைச்சி தனி, வெண்ணெய் தனி. கத்தியும் முள்கரண்டியுமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி 1958-இல் சைகோனில் 'ஹுவா மா' என்ற கடையைப் போட்டார்கள். அவசரமாகப் போகிறவர்களுக்குத் தட்டும் கத்தியும் எதற்கு? ரொட்டியின் நீளத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் உள்ளே திணித்துக் கையில் கொடுத்தார்கள். இன்றைய பான் மி இப்படித்தான் பிறந்தது என்கிறார்கள். கடை இன்றும் இருக்கிறது. காலையில் சந்தில் சின்ன நாற்காலி போட்டு, முட்டையை வாணலியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். 'சை' என்று சொன்னால் போதும். அவர்கள் மொழியில் சைவ உணவுக்கு அதுதான் சொல். நம் சொல்லின் முதலெழுத்தே அங்கே முழுச் சொல்! அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கேயும் நிறையப் பேர் கவிச்சி தொடுவதில்லை. சைகோனின் 'பென் தான்' சந்தைக்குப் பக்கத்தில் நம் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து ஒரு 'சை' பான் மி வாங்கினேன். டோஃபுவும் காளானும் வைத்தது, பழுதில்லை. ஆனாலும் என் ஓட்டு ஈரலுக்குத்தான்.

வண்டியடிக்கு வருகிறேன். இந்தத் தடவை பையைத் திறக்கவே இல்லை. நின்ற இடத்திலேயே கடித்தேன். சட்டை முழுக்கப் பொருக்கு. அந்த அம்மா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, காகிதத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடிக்கும்படி சைகை காட்டினார். அதற்குள் அடுத்த ஆளுக்கு ரொட்டி கணப்பில் ஏறியிருந்தது.