அம்மம்மாவின் இடக்கன்னம்

அவையிலுள்ள பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் உலகம் முழுவதும் ஒரு முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஸ்பெயின் நாட்டின் போர்ஹா என்னும் சிற்றூரில், ஒரு தேவாலயச் சுவரில், எலியாஸ் கார்சியா மார்ட்டினெஸ் என்ற ஓவியர் முள்முடி சூடிய இயேசுவைத் தீட்டியிருந்தார். சுவரில் ஊறிய ஈரத்தால் அந்த வண்ணம் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், எண்பது வயதைக் கடந்த செசிலியா ஹிமெனெஸ் என்ற பெண்மணி தாமே தூரிகையை எடுத்துத் திருத்தப் புகுந்தார். முகம் அடையாளம் தெரியாமல் மாறிப்போயிற்று. அந்தப் படம் கைபேசிகளில் பறந்தது. அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டவர்கள் அவ்வூருக்குப் போனார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மையார் ஏன் தூரிகையை எடுத்தார் என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதை எண்ணிப் பார்க்க வைத்தது சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியம்.

எங்கள் குடும்பம் திருகோணமலைக்கு அருகே கடலோர ஊரான சல்லியில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்ததை இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உயிரோடு மீண்டவர்கள் முதலில் ஆட்களைத் தேடினோம், பிறகு ஆவணங்களைத் தேடினோம். படங்கள் இருந்த தகரப் பெட்டியை நான் திறந்தது மூன்றாம் நாள். சேறு படிந்த அல்பத்தை அப்படியே வெயிலில் விரித்தேன். அது பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு, விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுத்த ஜெலற்றின் என்னும் பசைப் படலம். வெள்ளித் துகள்களாலான உருவத்தைத் தாங்கி நிற்பது அதுதான். நீர்பட்டால் அது ஊதும், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்தால் பசையாகவே ஒட்டிக்கொள்ளும். நனைந்த படங்களை, காயவிடாமல் ஈரத்தோடேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஜப்பானில் தொண்டர்கள் ஊர் ஊராகப் படங்களைப் பொறுக்கி, இப்படிக் கழுவி, உரியவர்கள் வந்து தேடி எடுப்பதற்காக மண்டபங்களில் தொங்கவிட்டார்கள் என்று அறிந்தபோது எனக்கு அழுகை வந்தது. நான் உலர்த்திய அல்பத்தில் தாளைப் பிரித்தபோது அம்மம்மாவின் இடக்கன்னம் எதிர்ப் பக்கத்தோடு போய்விட்டது.

அம்மம்மாவுக்கு இருந்த ஒரே படம் அது. 1951இல் திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தது. நான் பிறக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவர் முகத்தை அறிந்தவர் இன்று என் தாயார் ஒருவர்தான். சென்ற ஆண்டு, கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகள் அந்தப் படத்தின் பிரதியை வாங்கி, ஏதோ ஒரு செயலியில் இட்டு, சில விநாடிகளில் சீர்செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். கறை இல்லை, கிழிசல் இல்லை. இரு கன்னங்களும் பளிங்குபோல இருந்தன. நிறமும் இரண்டு படி வெளுத்திருந்தது. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. கண் நன்றாகத் தெரியும். கைபேசியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது ஆர்?” என்று கேட்டார். “உங்கட அம்மா” என்றேன். ஒன்றும் சொல்லாமல் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

அந்த மௌனம் என்னை விடவில்லை. இந்தச் செயலிகள் என்னதான் செய்கின்றன என்று அறிய முயன்றேன். அழிந்த கன்னத்தை அவை மீட்டெடுப்பதில்லை, ஏனெனில் மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய கணிப்பொறி, இப்படிப்பட்ட முகத்தில் இந்த இடத்தில் பெரும்பாலும் எது இருக்கும் என்று கணித்து, அதை வரைந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மங்கலான முகப்படத்திலிருந்து தெளிவான முகத்தை உருவாக்கும் ஒரு நிரலை வெளியிட்டார்கள். யாரோ ஒருவர் கட்டங்கட்டமாக மங்கலாக்கிய பராக் ஒபாமாவின் படத்தை அதற்குக் கொடுத்தார். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதியின் முகத்துக்கே அந்த நிலை என்றால், தோடு தொங்கிக் காது நீண்ட, வெயிலில் கறுத்த சல்லிக் கிழவியின் முகத்தை அந்தப் பொறி எங்கிருந்து அறிந்திருக்கும்?

பழைய ஸ்ரூடியோக்காரர்களும் முகத்தைத் திருத்தியவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது. ஆம், கூர் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு, முகச் சுருக்கத்தையும் பருவையும் மறைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணமும் பூசினார்கள். ஆனால், வண்ணம் பூச வேண்டுமென்றால் சேலை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டார்கள். அந்த முகத்துக்கு உரியவர் அவர்கள் எதிரே விளக்கொளியில் உட்கார்ந்திருந்தார். கண்ட முகத்தைக் கேட்டுத் திருத்துவது ஒன்று, காணாத முகத்தைக் கேளாமலே நிரப்புவது வேறொன்று. நான் பென்சிலின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான். பழமை மீதுள்ள பற்று அல்ல.

நிரப்புதலில் நம்மவர்கள் காட்டிய நேர்மையை எண்ணும்போது எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை பூச்சி அரித்த, முனை ஒடிந்த ஏடுகள். ஊர் ஊராகப் போய் வேறு பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார். எந்தப் பிரதியிலும் கிடைக்காத இடத்தில் புள்ளி இட்டார். 267ஆம், 268ஆம் பாடல்கள் இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. யாப்பும் சங்க நடையும் கைவந்த அந்தப் பெரும்புலவருக்கு இரண்டு அடி புனைந்து வைப்பது ஒரு நாழிகை வேலை. யாரும் கண்டுபிடித்தும் இருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை என்பதனால்தான், மற்ற அடிகளை நாம் ஐயமின்றி நம்பிப் படிக்கிறோம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டை வாசலில், இரட்டைக் கயல்களுக்கு அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. மான்களைப் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போகிறோம். “முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று, அதாவது குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னாளில் போர்த்துக்கேயர் இடிப்பார்கள் என்று, அதை நாம் மனப்பாடமாகச் சொல்லுகிறோம், ஆனால் கல்லில் அவ்வளவும் இல்லை. வரிகளின் ஓரங்கள் சிதைந்துவிட்டன. அதைப் பதிப்பித்த அறிஞர்கள், செவிவழி வந்த பாட்டைத் துணைகொண்டு நிரப்பிய எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இட்டார்கள். கல் சொன்னது எது, நாம் சொன்னது எது என்று படிக்கும் எவரும் பிரித்தறியலாம். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட நம் கோயிலின் செப்புத் திருமேனிகளும், 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் நீர்மூழ்கிக் கண்ட இடிபாடுகளும் இந்தக் கல்வெட்டை வேறு வகையில் நிறைவு செய்தன என்பேன்.

ஓவியத்திலும் இந்த அடைப்புக்குறிக்கு ஒரு வழி உண்டு. ரோமில் 1939இல் நிறுவப்பட்ட ஓவிய மீட்பு நிலையத்தின் முதல் இயக்குநரான செசாரே பிராண்டி, உதிர்ந்த இடத்தை மெல்லிய நெடுங்கோடுகளால் நிரப்பும் முறையை வகுத்தார். தூரத்தில் நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகில் போனால் கோடுகள் தெரியும். பார்ப்பவர் ஏமாறவும் மாட்டார், ஓவியம் பொத்தலாகவும் தோன்றாது. போர்ஹா அம்மையாருக்கு அன்பில் குறைவில்லை. இப்படி ஒரு முறையைச் சொல்லிக்கொடுக்க அருகில் ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

என் மருமகளின் அன்பிலும் குறைவில்லை. காணாத பூட்டிக்காக அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள் என்பதை நான் மறக்கவில்லை. அவளைக் கடிந்துகொள்ளாமல் இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். ஒரு கிழமை கழித்து இன்னொரு படம் வந்தது. இம்முறை செயலியை விட்டுவிட்டு, கிழிந்த மூலப்படத்தையே எடுத்து, இடக்கன்னம் இருந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தன் கையால் வரைந்திருந்தாள். அதைத் தாளில் அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்தார். “இதிலதான் காயம் இருந்தது” என்றார். கிணற்றுத் துலாக்கொடி அறுந்தபோது வாளியின் விளிம்பு பட்டு, கண்ணுக்குக் கீழிருந்து காதுவரை ஓடிய வடு. எனக்கு அறுபது வயது கடந்தும் அதைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. படம் எடுத்த அன்று, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக அம்மாவும் கூடப் போயிருந்தாராம். “இதைப் பென்சிலால எடுத்துவிடட்டோ?” என்று ஸ்ரூடியோக்காரர் கேட்டாராம். “அது கிடக்கட்டும் தம்பி” என்று அம்மம்மா சொன்னாராம்.

அந்தத் தாளின் பின்புறத்தில், கோடுகள் யார் கையால் வரைந்தவை, எந்த ஆண்டில் வரைந்தவை என்பதை எழுதி, அதன் கீழே வடுவைப் பற்றி அம்மா சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்களுக்காக அதை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் ஒட்டிக்கொண்ட அல்பங்கள் உள்ளவர்கள் அவற்றை உலர்ந்தபடியே பிரிக்காமல் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். வணக்கம்.