கருவில் வேலை பார்த்த ஜீன் வயதான காலத்தில் என்ன செய்கிறது?

"போன வீடியோவில் கரு வளரும்போது வேலை செய்யும் ஜீன்களுக்கும் புராஸ்டேட் கேன்சருக்கும் தொடர்பு உண்டு என்றீர்கள், அப்பாவுக்கு 68 வயது, புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அது கேன்சராக மாறுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

வீக்கம் கேன்சராக மாறாது தம்பி. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஒரு சுரப்பி. இரண்டும் ஒரே ஆளுக்கு வரலாம், அது வேறு.

சரி, ஜீன் விஷயத்துக்கு வருகிறேன். கருவின் பத்தாவது வாரம் வாக்கில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் குழாயிலிருந்து மொட்டு மொட்டாகக் கிளம்பித்தான் புராஸ்டேட் உருவாகிறது. ஆண் ஹார்மோன் முதலில் பேசுவது அந்த மொட்டுகளிடம் அல்ல, சுற்றியுள்ள திசுவிடம்; அந்தத் திசுதான் 'முளை, கிளை விடு' என்று மொட்டுக்குச் சொல்கிறது. பிறந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிடும். வயதான பிறகு அதே திசு பழையபடி பேச ஆரம்பிப்பதால்தான் வீக்கம் வருகிறது என்று ஜான் மெக்நீல் என்ற நோயியல் நிபுணர் 1978-இலேயே ஒரு கருத்தை முன்வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த கருத்து அது. இந்த வீக்கம் சிறுநீர்க் குழாயை ஒட்டிய உள்பகுதியில் வருவது, அதனால்தான் அப்பா ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறார். கேன்சர் பெரும்பாலும் வெளிப்பகுதியில் தொடங்கும், ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் இருக்காது.

அந்தக் கேன்சர் பக்கத்தில்தான் என்கேஎக்ஸ்3.1 என்ற ஜீன் வருகிறது. கருவில் புராஸ்டேட்டைக் கட்டுவதில் இதற்குப் பங்கு உண்டு, ஆனால் கட்டி முடித்ததும் கிளம்பிப் போகும் கொத்தனார் மாதிரி இல்லை, அங்கேயே காவலுக்கு உட்கார்ந்துவிடும், செல்கள் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளும். எலிகளில் இதை நீக்கிப் பார்த்தார்கள்: சுரப்பியின் கிளைகள் சரியாக வரவில்லை, வயதாக ஆக செல்கள் பெருகி, கேன்சருக்கு முந்தைய நிலை மாதிரி மாற்றங்களும் வந்தன. மனிதர்களிலும் பல புராஸ்டேட் கேன்சர்களில் எட்டாவது குரோமோசோமில் இந்த ஜீன் இருக்கும் துண்டே ஒரு பிரதியில் காணாமல் போயிருக்கிறது.

ஹாக்ஸ்பி13 என்று இன்னொரு ஜீன். இதன் டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறிப் பரம்பரையாக வந்தால் கேன்சர் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த மாற்றம் முக்கியமாக வட ஐரோப்பிய வம்சாவளியில் காணப்படுவது, அதனால் அதற்காக இங்கே யாரும் ஓடிப்போய் டெஸ்ட் எடுக்க வேண்டாம்.

அப்பாவின் பிஎஸ்ஏ அளவை, அதாவது கேன்சர் சந்தேகம் உண்டா என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் புராஸ்டேட் புரதத்தின் அளவை, நீங்கள் எழுதவில்லை. வெறும் வீக்கத்திலேயே அது கூடும், வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு என்ற மாத்திரை சாப்பிட்டால் பாதியளவுக்குக் குறைந்தும் காட்டும். அதனால் என்ன மாத்திரை, தாத்தா, பெரியப்பா, சித்தப்பா யாருக்காவது இந்தக் கேன்சர் இருந்ததா, இந்த இரண்டையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.